ஒன்பதாவது ஃபிரேம்

ஜூன் 9, திங்கள்

எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? பார்த்தால் தெரியும். அதே புள்ளிதான். அணைந்தது, ஒரு நகக்கண் அளவு தள்ளி மறுபடி எரிந்தது. நடுவில் அது போய் வேறொன்று வந்து நிற்பதற்கு நேரமே இல்லை.

போன வாரம் அந்த அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். ஏசி சர்வீஸுக்குப் போயிருந்தேன். ஆராய்ச்சி நிலையத்தில் மைக்ராஸ்கோப் இருக்கிற அறை பட்டப்பகலிலும் இருட்டு. நான் ஏணியில் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே அவர் ஒரு கறுப்புப் படத்தை ஓடவிட்டு, எங்கே போச்சு எங்கே போச்சு என்று தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தார். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தூறல் மாதிரி நடுங்கின. வலது பக்கம், மேலே, அந்தா என்று ஏணியிலிருந்தே சொன்னேன். நிறுத்தினார். பின்னால் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இதுதான் அதுன்னு எப்பிடித் தம்பி சொல்லுத?"

"பாத்தா தெரியுதுல்ல."

என்ன படித்திருக்கிறாய் என்றார். இஞ்சினியரிங், மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். நாலு நாள் கழித்துப் போன் வந்தது. இன்று சேர்ந்துவிட்டேன். கழுத்தில் கார்டு. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன்.

அவர் பெயர் ஜெபசீலி. ஊர் நாசரேத். ஆறு வருஷமாக இங்கே பிஎச்.டி. செய்கிறார். எலியின் மூளையிலிருந்து எடுத்த நரம்பு செல்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்க்கிறார். செல்லைச் சுற்றி எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு சவ்வு. அதில் ரிசப்டர்கள் மிதக்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் ஏற்பி என்று போட்டிருக்கும். பக்கத்து செல் கக்குகிற ரசாயனத்தைப் பிடித்து உள்ளே சேதி சொல்வது அதன் வேலை. பரீட்சைக்கு நான் வரைந்த படத்தில் அதெல்லாம் சுவரில் ஆணி அடித்த மாதிரி வரிசையாக நின்றது. மார்க்கும் போட்டார்கள். ஆனால் அது தப்பாம். ரிசப்டர் ஓரிடத்தில் நிற்பதில்லை, சவ்வு முழுக்க அலைகிறது. இரண்டு செல்கள் முகம் பார்த்து நிற்கிற இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். அங்கே வந்தால் அடியில் கொக்கி மாதிரி இருக்கிற புரதம் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு கழன்று போய்விடும். இன்னொன்று வரும். அந்த இடத்தில் எப்போதும் ஒரு கும்பல் இருக்கும், ஆனால் அதே ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை மாதிரி என்றேன். எந்நேரமும் பத்துப் பேர் நிற்பார்கள். அக்கா சிரித்தார். நீ எத்தனை நேரம் அங்கே நின்று எண்ணினாய் என்று கேட்டார்.

ஒரு கெட்டி அட்டை நோட்டு கொடுத்திருக்கிறார். பக்கங்களுக்கு எண் அச்சடித்தது. எந்தப் புள்ளியை எதோடு சேர்த்தேன் என்று அன்றன்றே எழுத வேண்டும். கிழிக்கக் கூடாது. அடித்து மறைக்கக் கூடாது. தப்பாக எழுதியிருந்தால், தெரிந்த அன்று 'திருத்தம்' என்று தலைப்புப் போட்டுப் புதிதாக எழுத வேண்டும். முன்பக்கத்திலிருந்து அதை எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து இதை.

ஜூன் 10, செவ்வாய்

ரிசப்டரைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் முதுகில் ஒரு பொடிப் படிகத்தை ஒட்டிவிடுகிறார்கள். படிகம்தான் எரிகிறது. சனியன், அடிக்கடி அணைந்து அணைந்து எரிகிறது. அது அணைந்திருக்கும்போதும் ரிசப்டர் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். எங்கே போனது என்று நமக்குத்தான் தெரியாது. மறுபடி எரியும்போது அதுதானா, வேறொன்றா என்று பார்த்துச் சேர்ப்பது என் வேலை. கம்ப்யூட்டரே சேர்க்கும், ஆனால் கூட்டமாக இருக்கிற இடத்தில் உளறும்.

ஒரு நொடிக்கு இருபது ஃபிரேம். எட்டு ஃபிரேம்வரை இருட்டாக இருந்தால் சேர்க்கலாம். ஒன்பது என்றால் வெட்டிவிட வேண்டும். மறுபடி எரிவதற்குப் புது எண். எட்டு ஃபிரேம் என்பது கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கிற நேரம். அதற்குள் வராவிட்டால் அது வேறு ஆள்.

ரொம்பக் கறார்.

ஜூன் 12, வியாழன்

எண் 311. ஒன்பதாவது ஃபிரேமில் வந்தது. அதே இடம், அதே வெளிச்சம். ஒரு ஃபிரேமுக்காக வெட்டுவதா? சேர்த்தேன். முன்பக்கத்தில் எட்டு என்று எழுதினேன்.

ஜூன் 16, திங்கள்

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா வாசலில் நின்றாள். கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவிய ஈரம் சேலையில் காயவில்லை. போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள்.

"டேய் சோணை, ரெண்டு விழுந்துருச்சு பாரு."

அண்ணன் மலைச்சாமி போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் கேட்டோம். கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். மேஜர், தானாகப் போனவர், தானாக வருவார் என்றார்கள். போன் அன்றிலிருந்து ஆஃப். அம்மா மட்டும் தினமும் மண்டபத்திலிருந்து வந்ததும் அவன் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவாள். சாப்பிட்டாயா, இங்கே மழை, இன்றைக்கு மண்டபத்தில் வெள்ளைப் பணியாரம், இப்படி. பதினாலு மாதமாக ஒற்றை டிக்தான். இன்றைக்கு இரண்டு. புரொஃபைல் படமும் வந்திருக்கிறது. ஒரு குழந்தை. மொட்டைத் தலை, கன்னத்தில் மைப்பொட்டு, மூன்று மாதம் இருக்கலாம்.

"மூக்கப் பாருடா. அச்சு அசல் அவென் மூக்கு."

அந்த வயசுக் குழந்தை எல்லாவற்றுக்கும் அதே மூக்குதான். சொல்லவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். திருப்பூரில் கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டுகிறேன் என்று அண்ணன் கேட்டான். இவள் முடியாது என்றாள். மூன்றாம் நாள் அவன் போனான். அதனால்தான் போனான் என்று பதினாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது அந்தப் பெண்ணையே கட்டி, பிள்ளையும் பிறந்துவிட்டதாம். ஒரு படத்தை வைத்து ஐந்து நிமிஷத்தில் முழுக்கதையும் முடித்துவிட்டாள்.

கூப்பிட்டுப் பேச மாட்டாளாம். "கோவத்துல போனவென்டா. நான் கூப்பிட்டா மறுபடி போன அமத்திப்புடுவான்."

ஆமாம்மா, கூப்பிடாதே என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆராய்ச்சி நிலைய மாடிப்படியில் நின்று அந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அண்ணியாக இருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

எண் 402, பதினாலு ஃபிரேம். எண் 418, இருபது. எண் 433, முப்பத்தொன்று. மூன்றும் சினாப்ஸிலிருந்து கிளம்பியவை. அந்தப் பக்கமாகவே மறுபடி எரிந்தன. போன வழியே திரும்பி வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறதே. சேர்த்தேன். எட்டு, எட்டு, எட்டு.

ஜூன் 20, வெள்ளி

அக்கா படத்தைத் திரையில் போட்டார். சினாப்ஸை விட்டுப் போன ரிசப்டர்களில் நூற்றுக்கு நாற்பத்தொன்று அதே சினாப்ஸுக்குத் திரும்பி வருகிறது. ஆறு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது இதுதானாம். இதுவரை கம்ப்யூட்டர் கொடுத்த கணக்கு பன்னிரண்டைத் தாண்டவில்லை. கூட்டத்தில் அதற்குக் கண் தெரியவில்லை, இவனுக்குத் தெரிகிறது என்று மேடத்திடம் சொன்னார். மேடம் என்றால் அனுசூயா மேடம், இந்த லேப் அவருடையது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, நல்லது என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு இங்கே ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்களாம்.

ஜூலை பதினொன்றாம் தேதி அக்கா கமிட்டி முன் பேச வேண்டும். அது நன்றாக முடிந்தால் தீசிஸ் எழுதி முடித்துவிடலாம். வீட்டில் இரண்டு தடவை நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை பாவம் பொறுமைசாலி, ஆனால் அவன் அத்தைக்குப் பொறுமை இல்லை என்றார். தூத்துக்குடி மக்ரூன் ஒரு பாக்கெட் பிரித்து எனக்குத்தான் முதலில் கொடுத்தார்.

வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது. இரண்டாவது எடுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது. பழசாக, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் உடம்புக்கு. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய பழைய நூல் சேலை இரண்டு இருந்தது. அதைத் தொடவில்லை. அண்ணனின் வேட்டியை எடுத்தாள். சித்திரைத் திருவிழாவுக்கு அவன் கட்டுகிற வேட்டி. அவன் போனதிலிருந்து அதை யாரும் பிரித்ததே இல்லை. மடிப்பில் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

"அப்பன் வேட்டியில கெடந்தாத்தான் பிள்ளைக்குச் சீக்கு அண்டாது."

பல்லால் ஓரத்தைக் கடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். அந்தச் சத்தம். நான் கட்டிலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு துண்டு. ஒவ்வொன்றையும் ஓரம் மடித்துத் தைத்தாள். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று என்னிடம் நீட்டினாள். கோத்துக் கொடுத்தேன்.

ஜூன் 26, வியாழன்

காலையில் அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஏதோ விளம்பரம். அழித்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

அக்கா புதுப் படம் ஒன்று கொடுத்தார். சினாப்ஸை விட்டுப் போனவை ஐம்பது. ஒரு மணி நேரத்தில் முடித்தேன். இருபத்திரண்டு திரும்பி வந்தது. இவ்வளவு சீக்கிரமா என்றார். மக்ரூன் இல்லை.

ஜூன் 30, திங்கள்

போனதும் என் நோட்டை மேசையில் விரித்து வைத்திருந்தார். முன்பக்கம்தான். எத்தனை ஃபிரேம் இருட்டு என்று எழுதுகிற கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். எட்டு. எட்டு. ஏழு. எட்டு. எட்டு. எட்டு.

"எல்லாம் எட்டுலயே வருமோல?"

நின்றேன். தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தேன். நான் சரிசெய்த ஏசி.

வெள்ளிக்கிழமைப் படத்தை ஓடவிட்டார். அன்றைக்கு எனக்குக் கொடுத்ததில் எல்லாப் புள்ளியும் வெள்ளை. இன்றைக்குப் பாதி பச்சை, பாதி சிவப்பு. இரண்டு நிறப் படிகம் ஒட்டி எடுத்திருக்கிறார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் நிறத்தை எடுத்துவிட்டார்.

"இந்தா, இது பச்ச. போவுது பாரு. இப்ப இருட்டு. பத்து, பதினஞ்சு, இருவது. இந்தா வந்துட்டு. என்ன கலரு?"

"செவப்பு."

"நீ என்ன எழுதியிருக்க?"

"ரெண்டும் ஒண்ணுன்னு."

இருபத்திரண்டில் பதினாலு அப்படி. போனது ஒன்று, வந்தது ஒன்று. மிச்சம் எட்டையும் அதேதான் என்று சொல்ல முடியாதாம். நிறம் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். பச்சை போய் வேறு பச்சை வந்திருக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு வாய் திறக்கும். எட்டு என்று யார் வைத்தது என்று கேட்டேன். நான்தான் வைத்தேன், எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும் என்றார்.

"அப்ப நெசமாவே திரும்பி வந்ததும் வெட்டுப்படும்லக்கா?"

"வெட்டுப்படும். எனக்குத் தெரியாதால? அது வரலன்னா சொல்லுதோம்? தெரியலன்னு சொல்லுதோம். தெரியாதத தெரியும்னு எழுதக் கூடாது, அவ்வளவுதான்." நோட்டை மூடிவிட்டு, "ஏன்ல இப்பிடிச் செஞ்ச?"

"திரும்பி வந்த மாதிரி இருந்துச்சுக்கா."

திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நாற்பத்தொன்று என்று கமிட்டிக்குப் போன வாரமே எழுதி அனுப்பிவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

மேடம் அறைக்கு இருவரும் போனோம். அக்கா என்னை மாட்டிவிடவில்லை. நான் முதலிலேயே நோட்டைப் பார்த்திருக்க வேண்டும், என் தப்பு என்றுதான் ஆரம்பித்தார். மேடம் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். யாராவது இப்படி எண்ணிக்கை வர வேண்டும் என்று சொன்னார்களா? இல்லை என்றேன். பிறகு ஏன் என்றார். தெரியவில்லை என்றேன். அது பொய்யா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

என்னை அனுப்பிவிடத்தான் மேடம் நினைத்தார். அக்காதான், "அவனே வெட்டட்டும் மேம். எது எங்க ஒட்டுனதுன்னு அவனுக்குத்தான் தெரியும்" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தால் பதினொன்றாம் தேதி பேசலாம். இல்லாவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும். வேலை முடிந்ததும் நான் நோட்டை ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

நியாயம்தான்.

ஜூலை 2, புதன்

வெட்டினேன். 140.

ஜூலை 3, வியாழன்

வெட்டினேன். 233. கை வலிக்கவில்லை. கிளிக்தானே.

ஜூலை 4, வெள்ளி

முடிந்தது. மொத்தம் 612 வெட்டு. கடைசியாக 311. ஒரே ஒரு ஃபிரேம் தாண்டியது. அது நிஜமாகவே அதுதான் என்று இப்போதும் தோன்றுகிறது. அக்காவிடம் சொன்னேன். இருக்கலாம் என்றார். வெட்டினேன்.

நாற்பத்தொன்று பதின்மூன்றாகிவிட்டது. முன்பு ஒவ்வொரு புள்ளியின் பாதையும் நீளமாகச் சுற்றிச் சுற்றிப் போகும். இப்போது திரை முழுக்கத் துண்டு நூல்கள்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் புள்ளிகளை எல்லாம் மறைத்துவிட்டு, எத்தனை நிற்கின்றன என்ற எண்ணிக்கையை மட்டும் சினாப்ஸ் சினாப்ஸாகப் போட்டார். எந்த சினாப்ஸும் கலையவில்லை. முதல் நிமிஷத்தில் எவ்வளவு கும்பலோ, பத்தாவது நிமிஷத்திலும் அவ்வளவு. ஆள் எல்லாம் மாறிவிட்டது, இடம் அப்படியே நிற்கிறது. பதினொன்றாம் தேதி இதைச் சொல்லலாம் என்றார். கமிட்டிக்குத் திருத்தம் எழுத உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அது என்ன நியாயம் என்று தெரியவில்லை. ஒருவன் போனால் அவன் இடம் காலி என்றாவது தெரிய வேண்டாமா?

கிளம்பும்போது, "பின்னால என்னமோ எழுதிருக்க. நான் படிக்கல. கிழிக்க மட்டும் செய்யாத" என்றார்.

ஜூலை 5, சனி

திருத்தம். ஜூன் 17.

போனை எடுத்த பெண்ணிடம் ராங் நம்பர் என்று உடனே வைக்கவில்லை. ஏழு நிமிஷம் பேசினேன். அவள் பெயர் ஹபீபா. மே மாதம் புது சிம் வாங்கி, ஜூன் நடுவில்தான் அதில் வாட்ஸ்அப் போட்டிருக்கிறாள். கொடுத்த நம்பர் இது. ரொம்ப நாள் ஓடாமல் கிடக்கிற நம்பரைக் கம்பெனிக்காரன் எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். எனக்கு அது முன்பே தெரியும். மலைச்சாமி என்று யாரையும் அவளுக்குத் தெரியாது. படத்தில் இருப்பது அவள் குழந்தை.

திருத்தம். ஜூன் 26.

விளம்பரம் இல்லை. ஹபீபா அம்மாவுக்குப் பேசி அனுப்பியது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் போனைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"அம்மா, நீங்க தேடுற பிள்ளை நான் இல்லம்மா. இந்த நம்பரு எனக்குப் புதுசாக் குடுத்தது. தினமும் நீங்க சாப்புட்டியான்னு கேக்குறீங்க. எங்கம்மா போயி நாலு வருஷமாச்சு. அதான் சொல்ல மனசு வராம கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். தப்புதாம்மா. உங்க பிள்ளை வந்துருவாரு. துவா செய்றேன்."

மூன்று தடவை கேட்டேன். அழித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா பட்டுக்கோட்டைக்குப் போகிறாளாம்.

படத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு ஸ்டூடியோ பெயர் இருக்கிறது. மண்டபத்துக்கு வந்த போட்டோகிராபரிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். பட்டுக்கோட்டை என்று சொல்லிவிட்டான். அந்த ஸ்டூடியோவில் போய்க் கேட்டால் வீட்டைக் காட்ட மாட்டார்களா என்கிறாள். செவ்வாய்க்கிழமை முகூர்த்தம் இல்லை. மண்டபத்தில் லீவு சொல்லிவிட்டாள். நீயும் வா என்றாள்.

அவன் வரச் சொல்லவில்லையே அம்மா என்றேன்.

"போன்லதான்டா அமத்த முடியும். நேர்ல போயி நின்டா வெரட்டிருவானா?"

சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெசேஜ் போட்டாள். நான் குழாயடியில் நின்றேன். கேட்டது.

"மலைச்சாமி, அம்மா வர்றேன்யா. அந்தப் பிள்ளைய வேணாம்னது நாந்தேன். நாஞ் சொன்ன சொல்லுதேன் உன்னைய வெரட்டுச்சு. மனசுல வச்சுக்கிறாத."

குடம் நிரம்பி வழிந்தது. அடைக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலை எட்டரைக்கே போய் அக்காவிடம் எல்லா ஃபைலையும் கொடுத்துவிட்டேன். நோட்டை மட்டும் சாயங்காலம் தருகிறேன் என்றேன். சரி என்றார். மக்ரூன் பாக்கெட் ஒன்றை முழுசாகப் பையில் போட்டுவிட்டார். இதை எப்படித் தின்பது?

பத்தேமுக்கால் பஸ். மாட்டுத்தாவணியில் எதிரில், பட்டுக்கோட்டை பஸ் நிற்கிற இடத்தில், சிமெண்ட் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. மடியில் மஞ்சள் பை. அதில் பதினாறு துண்டு. நான் டீக்கடையில் நிற்கிறேன். அவள் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. இங்கே பத்துப் பேர் நிற்கிறோம்.

நோட்டில் நடுப்பக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் 612 வெட்டு. இந்தப் பக்கம் இது ஒன்றுதான் பாக்கி.

திருத்தம். இதற்குத் தேதி இந்த நோட்டில் இல்லை. போன வருஷம் ஏப்ரல், சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின நாள்.

அப்போது நான் காலேஜை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி இந்தக் கடைக்கு வந்துவிடுவேன். அண்ணன் லீவுக்கு வந்தவன் வீட்டுக்குப் போகாமல், என்னை அழைத்துப் போகலாம் என்று நேரே காலேஜுக்குப் போயிருக்கிறான். எவனோ, அவன் மாட்டுத்தாவணியில் கிடப்பான் என்று சொல்லிவிட்டான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவன் டீ சொன்னான். குரலைக் கேட்டுத் திரும்பினேன்.

எத்தனை நாளாக என்று கேட்டான். எட்டு மாதம் என்றேன். பத்தாவதில் நானூற்று நாற்பது எடுத்தவன் அவன். அப்பா செத்ததும் நான் படிக்க வேண்டும் என்று அவன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றான். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடா" என்று மட்டும் கேட்டான்.

நான் சொன்னேன், "ஒன்னைய யாரு நிக்கச் சொன்னா? நீ படிக்காததுக்கு நான் படிக்கணுமா? ஒன்னையப் பாத்தாலே மூச்சு முட்டுதுண்ணே. எங்கிட்டாச்சும் போ."

கிளாஸை வைத்தான். பாதிக்கு மேல் டீ இருந்தது. அவன் டீக்கும் என் டீக்கும் அவனே கொடுத்தான்.

வீட்டில் அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தான். அம்மா முடியாது என்றாள். சரிம்மா என்று சிரித்தான். சிரித்ததை நான் பார்த்தேன். அதற்காகப் போகிறவன் அப்படிச் சிரிக்க மாட்டான். மூன்றாம் நாள் போனான். நான் போ என்று சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கிறான். எங்கிட்டாச்சும்.

பதினாலு மாதமாக அம்மா தன்னால் என்கிறாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவன் இல்லை என்று சொல்லப் போவதில்லை. எனக்கு அது தெரியாது. அந்த நம்பர் அவன் இல்லை, அந்தக் குழந்தை அவனுடையது இல்லை, அவன் எங்கே என்று தெரியாது, போனது உன்னால் இல்லை. இந்த நாலு மட்டும்தான். கடைசியை முதலில் சொல்லிவிட வேண்டும். முதலில் நம்பரைச் சொன்னால் அழுகையில் கடைசி காதில் விழாது. இல்லை, முதலில் கையிலிருந்து அந்தப் பையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கண்டக்டர் பட்டுக்கோட்டை பட்டுக்கோட்டை என்று கத்த ஆரம்பித்துவிட்டார். அம்மா எழுந்து இங்கும் அங்கும் தேடுகிறாள். என் போன் அடிக்கிறது. எடுக்கவில்லை. பார்த்துவிட்டாள். பஸ் கிளம்பப் போகுது, வாடா என்று கையை ஆட்டுகிறாள். சிரிக்கிறாள். டீக்கு இன்னும் கொடுக்கவில்லை. போக வேண்டும்.